சுருள் கேபிள் பூட்டை இழுக்க வேண்டாம், சுழற்றுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் சைக்கிளுக்குச் சுருள் கேபிள் பூட்டு வாங்கிப் போனவர்களில் பலர் ஒரே குறையோடு திரும்பி வருகிறார்கள். “விறைச்சுக்கிட்டு நிக்குது, ரெண்டு கை பத்தல” என்கிறார் ஒருவர். “நுனியை ஓட்டையில விடறதுக்குள்ள துள்ளிக்கிட்டுப் போயிடுது” என்கிறார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் சொல்வதுதான் கவலையாக இருக்கிறது: பையன் பூட்டோடு மல்லுக்கட்ட முடியாமல், அதை சீட்டுக் கம்பியில் சுற்றியபடியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறானாம். மாற்றித் தரச் சொல்லி வரும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றில் பழுது ஒன்றும் இல்லை. கையாளும் விதம்தான் மாற வேண்டும். கூட்ட நேரத்தில் ஒவ்வொருவருக்கும் செய்து காட்ட முடிவதில்லை என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறோம்.

இந்தப் பூட்டின் உள்ளே இருப்பது மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த கேபிள். மேலே பிவிசி உறை. சுருட்டிய நிலையிலேயே சூடாக்கி ஆறவிடுவதால் அந்த வடிவம் அதில் பதிந்துவிடுகிறது. எவ்வளவு நீட்டினாலும் விட்டவுடன் பழைய சுருளுக்கே போகும். சைக்கிளில் தொங்காமல், சக்கரத்தில் மாட்டாமல் அடக்கமாக இருப்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள். அதனால் சுருளை முழுக்க ஒழித்துவிட நினைக்காதீர்கள், அதன் போக்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

பூட்டைக் கையில் எடுத்து இதைச் செய்து பாருங்கள். இரண்டு நுனிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக இழுங்கள். கேபிள் நீளும், ஆனால் பூட்டுத் தலை உங்கள் விரலுக்குள் திருகிக்கொண்டு புரளப் பார்க்கும். ஒரு சுருள் நேராகும்போது, நுனியைச் சுழலவிடாமல் பிடித்திருந்தால், ஒரு முழு முறுக்கு கேபிளுக்குள் ஏறிக்கொள்கிறது. நான்கு சுருளை நேராக்கினால் நான்கு முறுக்கு. நீங்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த முறுக்கோடுதான். இப்போது ஒரு நுனியின் பிடியைத் தளர்த்தி, அதை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே மெதுவாக நீட்டுங்கள். ஒரு சுருள் பிரிய ஒரு சுற்று. எந்தப் பக்கம் உருட்டுவது என்று கேட்க வேண்டாம், கேபிளே சொல்லும்: சரியான பக்கம் திருகினால் இளகும், தப்பான பக்கம் திருகினால் இன்னும் முரண்டு பிடிக்கும்.

நம்பர் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சாவிப் பூட்டுகளில் பலவற்றுக்கு நுனி உருண்டையாக இருக்கும், எந்தப் பக்கம் திரும்பி நுழைந்தாலும் பிடித்துக்கொள்ளும். நம்பர் பூட்டின் நுனியில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அவை பூட்டுக்கு உள்ளே இருக்கும் காடிக்கு, அதாவது நீளப் பள்ளத்துக்கு, நேராக வந்தால்தான் நுழையும். கேபிளில் முறுக்கு ஏறியிருந்தால் பற்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். பலங்கொண்டு குத்தினால் பல் மழுங்கும், அப்புறம் சரியான எண்ணை வைத்தாலும் திறக்காது.

கம்பத்தில் பூட்டும்போது இன்னொரு வழியும் உண்டு, எனக்குப் பிடித்தது இதுதான். கேபிளை நீட்டிக் கொண்டுபோய் கம்பத்தைச் சுற்றாமல், சுருள் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமாகவே அவரைக்கொடி ஏறுவதுபோலக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு போங்கள். மிச்ச நீளம் கம்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும், இழுவிசை குறையும், இரண்டு நுனிகளும் சண்டையில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். பிரேமுக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் முதலில் நுழைத்துவிட்டு, கடைசியில் கம்பத்துக்கு வாருங்கள். சாவித் துளை கீழே பார்த்தபடி இருந்தால் மழைத் தண்ணீர் இறங்காது.

புதுப் பூட்டு ரொம்பவே இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் பழக்கலாம். குளிரில் பிவிசி விறைக்கும், சூட்டில் இளகும். குன்னூர், கோத்தகிரி பக்கம் எடுத்துப் போனவர்கள் காலை நேரத்தில் கூடுதலாகச் சிரமப்படுவது இதனால்தான். நல்ல வெயிலில் மொட்டை மாடியில் வைத்துச் சூடேறியதும், ஒரு பெரிய வாளியைச் சுற்றி அகலமாக வளைத்துக் கயிற்றால் கட்டி, நிழலில் ஆறவிடுங்கள். இப்படிச் சில தடவை செய்தால் சுருள் அகன்று, எண்ணிக்கையும் குறையும். அடுப்பிலோ நெருப்பிலோ காட்ட வேண்டாம், உறை உருகிவிடும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், நுனி வழியாக உள்ளே போகும் ஈரம் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். முழங்காலில் வைத்து மடக்குபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரே இடத்தில் மடக்கினால் உள்ளே கம்பி ஒடியும், வெளியே தெரியாது.

சாவி திருப்ப முடியவில்லை என்றால் அது வேறு கதை. தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவரும் பூட்டுகளைத் திறந்து பார்த்தால் உள்ளே தூசியும் எண்ணெயும் சேர்ந்து களியாக இருக்கும். மார்கழிக் காலையில் கோவையிலேயே தேங்காய் எண்ணெய் உறைகிறது, பூட்டுக்குள் மட்டும் உறையாதா? கிராஃபைட் தூள் சிறிது போடுங்கள். கிடைக்காவிட்டால் 2பி பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்துவிட்டு, உள்ளே விட்டு எடுத்து, நாலைந்து தடவை திருப்புங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. தடிமனான கேபிளைக் கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. 12 மில்லிமீட்டர் கேபிள் 8 மில்லிமீட்டரைவிட மிகவும் விறைப்பாக இருக்கும். அந்தத் தடிமனில் ஒரு பகுதி வெறும் பிளாஸ்டிக் உறைதான். எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கேபிளை வெட்ட கையடக்கக் கட்டர் போதும் என்பதை நாங்கள் ஒளிக்கவில்லை. இரவு முழுக்க ரயில் நிலையத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் யூ வடிவப் பூட்டு வாங்குங்கள், கேபிளை முன்சக்கரத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வாங்கும் நேரத்துக்கு, பள்ளி சைக்கிள் ஸ்டாண்டுக்கு, மெல்லிய கேபிளும் பின்சக்கரப் பூட்டும் சேர்ந்தால் போதும். தினமும் பூட்டக்கூடிய பூட்டுதான் பிள்ளைக்குச் சரி. வாங்கும் முன் அவர்களையே கடைக்கு அழைத்து வந்து பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் விறைப்பு தாங்கவில்லை என்றால் பூட்டைக் கொண்டு வாருங்கள், பழக்கித் தருகிறோம், கட்டணம் இல்லை. மதியம் கடையில் கூட்டம் இருக்காது. வரும்போது இரண்டு சாவிகளையும் எடுத்து வாருங்கள். சாவியிலோ அதோடு வந்த சின்னத் தகட்டிலோ ஓர் எண் இருந்தால் வீட்டில் குறித்து வையுங்கள், நாங்கள் அதைப் பதிந்து வைப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடை, கோவை