‘ஒரிஜினல் அளவு’ என்று விற்ற ஜீப் பட்டை: புகார் கடிதம்

அனுப்புநர்:
வாழை விவசாயி ஒருவர்,
களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்புக்கு வாங்கிய ஸ்பிரிங் பட்டை (அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுத் தகடுகள்) செட் அளவு மாறியிருப்பது. மாற்றித் தரக் கோருவது.

ஐயா,

வணக்கம். வடக்குப் பச்சையாறு அணைப் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். ஏத்தன் தார்களைக் களக்காடு மார்க்கெட்டுக்குக் கொண்டுவர ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறேன். முன் பக்கம் மெயின் பட்டை முறிந்துவிட்டதால், திருநெல்வேலியில் உள்ள உங்கள் டீலரிடம் முன்னும் பின்னும் முழு செட்டாக வாங்கினேன். பெட்டியில் ‘ஒரிஜினல் அளவு’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தீர்கள். பில் நகல் இணைத்திருக்கிறேன்.

மாட்டிய அன்றே வண்டி கட்டாந்தரை போல விறைத்துவிட்டது. கால்வாய்க் கரைப் பாதையில் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் வந்து இடிக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தார்கள் ஒன்றோடொன்று உரசித் தோல் கறுத்து இறங்குவதால், மார்க்கெட்டில் விலையைக் குறைத்துத்தான் எடுக்கிறார்கள். இதே பாதையில், இதே வேகத்தில், பழைய பட்டையில் வந்த தார்களுக்கு இந்தக் கதி இல்லை.

ஜீப்பில் கார் சொகுசு கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முன் அச்சுக்கு முன்னால் ஷேக்கிள் (பட்டை முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும், ஆடக்கூடிய இணைப்பு), பின்னால் நிலையான கண் (சட்டத்தில் நகராமல் மாட்டப்படும் பட்டை முனை வளையம்) என்ற அமைப்பு பழைய வில்லீஸ் ஜீப்பிலிருந்தே வருவது. சக்கரம் கல்லில் ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளுகிறது. அப்போது அச்சு பின்வாங்காமல் கல்லை நோக்கியே கொஞ்சம் நகர்கிறது. ஆகவே இந்த வண்டி இயல்பிலேயே கொஞ்சம் முரடுதான். முரட்டு வண்டிக்குத்தான் பட்டை அளவில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கணக்கு.

அந்த ஒரு மில்லிமீட்டர்தான் இங்கே பிரச்சினை. எண்ணிக்கையில் உங்கள் பட்டைகள் பழைய செட்டைப் போலவே இருப்பதால் கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சேரன்மகாதேவி லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து, தேய்மானம் இல்லாத நடுப்பகுதியில் அளந்தோம். பழையது 6 மி.மீ., உங்களுடையது 7 மி.மீ. பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6-இன் மும்மடி 216, 7-இன் மும்மடி 343. அகலமும் நீளமும் எண்ணிக்கையும் மாறாதபோது விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. “அண்ணாச்சி, இது லோடு வண்டிப் பட்டைல்லா” என்று மெக்கானிக் தம்பி முதல் நாளே சொன்னான்.

வளைவும் கூடுதல். செட்டைத் தரையில் வைத்துப் பார்த்தாலே உங்கள் பட்டை பழையதைவிட நன்றாக உயர்ந்து நிற்கிறது. வளைவு கூடினால் இரண்டு கண்களுக்கும் இடையே தூரம் குறையும். அதனால் முன் ஷேக்கிளின் கீழ்முனை அச்சுப் பக்கமாக இழுபட்டுச் சாய்ந்து நிற்கிறது. இந்த நிலையில் பட்டை நீள வேண்டுமானால், ஷேக்கிள் முதலில் நேர்நிலைக்கு வந்தாக வேண்டும். அப்படி வரும்போது வண்டியின் மூக்கை மேலே தூக்குகிறது. அதாவது அமுங்க வேண்டிய நேரத்தில் எதிர்த்துத் தள்ளுகிறது. விறைத்த பட்டைக்கு இது கூடுதல் தண்டனை.

போதாததற்கு, முன் பட்டை இரண்டிலும் நிலையான கண்ணிலிருந்து சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்) துளை வரை டேப் பிடித்தால் இடதுக்கும் வலதுக்கும் 8 மி.மீ. வித்தியாசம். அச்சு கோணலாக உட்கார்ந்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. இதற்கு என்ன விளக்கம் சொல்வீர்களோ தெரியவில்லை.

உங்கள் சேவைப் பிரிவில் போனில் கேட்டபோது, “புதுப் பட்டை அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆகிவிடும்” என்றார்கள். செட் ஆனால் வளைவு இறங்கும், உயரம் குறையும். தடிமன் குறையாதே! விறைப்பு அப்படியேதான் இருக்கும். பட்டைகளுக்கு இடையே உராய்வு இருக்கலாம் என்று பிரித்து கிராஃபைட் கிரீஸ் தடவியும் பார்த்தாகிவிட்டது. கிறீச் சத்தம் நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் நீளமான ஷேக்கிள் போடச் சொன்னார்கள். முன்னால் ஷேக்கிள் உள்ள வண்டியில் அதை நீட்டினால் பட்டையின் முன்முனை தாழ்ந்து அச்சு முன்பக்கமாகச் சுழலும், கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். சாலைத் திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவதற்குக் காரணமே கேஸ்டர்தான். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே ஸ்டியரிங் அலைபாய்ந்தால் அதற்கு யார் பொறுப்பு? பட்டை விற்ற நிறுவனமே இப்படி ஒரு யோசனை சொன்னதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

கனமான பட்டை தேவைப்படுபவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு அதை ‘கூடுதல் பாரத்துக்கு’ என்று எழுதியே விற்கலாமே. ‘ஒரிஜினல் அளவு’ என்று ஏன் எழுத வேண்டும்?

ஆகவே, 6 மி.மீ. தடிமனில், சரியான வளைவில், சென்டர் துளை ஒத்துப்போகும் முழு செட்டை மாற்றித் தர வேண்டும். இல்லாவிட்டால் பட்டையின் விலையையும் மாட்டுக்கூலியையும் திருப்பித் தர வேண்டும். இனி வரும் பெட்டிகளில் தடிமன், எண்ணிக்கை, வளைவு ஆகியவற்றை அச்சிட்டால் என்னைப் போன்றவர்கள் கடையிலேயே அளந்து பார்த்து வாங்குவோம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

தற்போது பழைய செட்டுக்கு ஒரு மெயின் பட்டை தேடிப் பிடித்து, அதையே திரும்பக் கட்டி ஓட்டுகிறேன். உங்கள் செட் தோட்டத்து ஷெட்டில் இருக்கிறது. அளந்து பார்க்க ஆள் அனுப்புவதானால், தார் வெட்டும் காலை நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், அளவு எடுத்த புகைப்படங்கள்.