‘ஏசியா 72’-க்கு ஒரு வரி கூடவா இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

டெல்லி பிரகதி மைதானக் கண்காட்சித் திடலில் 2023-இல் திறந்த மாநாட்டுக் கூடமான பாரத் மண்டபம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் பிரகதி மைதானமே 2023-இல்தான் முளைத்தது போல எழுதியிருப்பது உறுத்துகிறது. சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி, 1972 நவம்பரில் அங்கே ஆசிய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்தது. ‘ஏசியா 72’ என்றால் அன்றைய டெல்லிவாசிகளுக்குப் போதும்.

அப்பா மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். ஸ்வெட்டரை மாட்டிவிட்டு எங்களை பஸ்ஸில் அழைத்துப் போனார். ஒவ்வொரு நாட்டு அரங்கிலும் வழவழ காகிதத்தில் பிரசுரங்களை இலவசமாகத் தந்தார்கள். எங்களுக்கு டிராக்டரும் தெரியாது, டர்பைனும் தெரியாது; பிரசுரம் வாங்கத்தான் முண்டியடித்தோம். அந்த வருஷம் எங்கள் கணக்குப் புத்தகத்துக்கெல்லாம் அதுதான் அட்டை. பழுப்புத்தாள் போட்டு வந்த பையன்கள் வயிறெரிந்தார்கள்!

அப்புறம், அந்தக் கண்காட்சிக்காகவே அங்கே கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் மண்டபம். உள்ளே போனால் நடுவில் ஒரு தூண் கிடையாது. முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட் சட்டங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூரை வரை ஏறும். இடுக்குகள் வழியே வெயில் துண்டு துண்டாகத் தரையில் விழும். நாங்கள் அந்த வெளிச்சத்தில் மட்டும் கால் வைத்துத் தாவினோம். ‘இவ்வளவும் சித்தாளுங்க தலையில சுமந்த சட்டியில வந்ததுடா’ என்றார் அப்பா. அது எவ்வளவு சரி என்று பிற்பாடுதான் தெரிந்தது. இத்தகைய சட்டக்கூட்டை எஃகில்தான் செய்வார்கள். அன்றைக்கு எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் அதைக் கான்கிரீட்டிலேயே, அந்தந்த இடத்தில் ஆள் வைத்து வார்த்து எடுத்தார்கள். இல்லாமையைச் சமாளித்த கட்டடம் என்பதால்தான் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

அதை 2017 ஏப்ரலில் ராவோடு ராவாக இடித்தார்கள். காப்பாற்றச் சொல்லிப் போட்ட மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து சில நாள்தான் ஆகியிருந்தது. பாரம்பரியச் சின்னம் என்று பரிசீலிக்கவே கட்டடத்துக்கு 60 வயது ஆக வேண்டுமாம், அதற்கு 45-தான். 60 ஆகும் வரை விட்டுவைத்தால்தானே! நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2022-இல் தெற்காசியக் கட்டடக் கலைக்கு ஒரு கண்காட்சி வைத்தபோது அதில் இந்த மண்டபமும் இடம்பெற்றது. அதற்குள் டெல்லியில் அது இல்லை.

புதிய மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய மாநாடு நடத்த இடம் வேண்டும், சரி. ஆனால் அதே இடத்தில் முன்பு என்ன நின்றது என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். அடுத்த இதழில் பழைய மண்டபத்தின் படத்தை, வாசகர் கடிதப் பக்கத்திலாவது, பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டெல்லிவாசி,
நங்கநல்லூர், சென்னை