கீதாரி அண்ணனுக்கும் கூட நின்றவர்களுக்கும்

நாகமலை அடிவாரம், மதுரை

ஆட்டு மந்தை ஓட்டும் கீதாரி அண்ணனுக்கும் மதினிக்கும் வணக்கம்.

முதலில் பழைய கணக்கு. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் ஆடுகள் என் மாந்தோப்புக்குள் தலையை நீட்டியதற்குக் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். நீங்கள் மறந்திருக்கலாம், என் வீட்டுக்காரி மறக்கவில்லை. போன பங்குனியில் மலையிலிருந்து இறங்கிய தீ என் வேலியையும் 16 மரங்களையும் கருக்கியபோதும் அதைத்தான் சொல்லிக் காட்டினாள்.

அடுத்த தீக்கு முன்னால் காய்ந்த புல்லை மேய்த்துக் குறைக்க இந்தத் தையில் கூப்பிட்டதும் ஒரு வார்த்தை குத்தாமல் 180 உருப்படிகளோடு வந்தீர்கள். மலைக்குள் ஏற்றவில்லை, மலைக்கும் தோப்புகளுக்கும் நடுவே சும்மா கிடந்த பட்டா நிலங்களில்தான் மேய்ச்சல். செம்மறி புல்லை ஒட்டக் கறித்தது. வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று புதர்த் தழையை உருவியது. புல்லில் பிடிக்கிற தீ அந்தப் புதரைப் பிடித்துத்தானே மரத்துக்கு ஏறும்! மாங்கன்றுகளுக்கு வலை கட்டச் சொன்னதும் நீங்கள்தான். வெள்ளாட்டுக்கு உங்களைவிட யார் ஜாமீன் கொடுப்பது? ஊசிப்புல் முற்றிய இடத்தை மட்டும் ஆடு ஒதுக்கியது. “ஊசி கட்டுறதுக்கு முந்தியே கூப்பிட்டிருக்கணும் தம்பி, முத்துனா வாயிலயும் தோல்லயும் ஏறும்” என்றீர்கள். அங்கே மந்தையைப் போகவர ஓட்டி, மிதித்தே புல்லைப் படுக்க வைத்தீர்கள்.

மாசிக் கடைசியில் மறுபடியும் தீ. பக்கத்து மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் 23 உயிர் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை, அடிவயிறு கலங்கிவிட்டது. ஆளுயரத்துக்கு வந்த தீ, மேய்ந்த இடத்துக்கு வந்ததும் முழங்காலுக்கு இறங்கியது. தானாக அணைந்துவிடவில்லை. வேப்பங்குழையால் அடிக்கிற உயரத்துக்கு வந்தது, அது போதும்.

அடித்த இளவட்டங்களுக்கு நன்றி. ஆடு தொடாத உண்ணிச்செடியை அரிவாளும் கையுமாக நின்று வெட்டிய அக்காமார்களுக்கு, மந்தைக்குத் தொட்டி நிரப்பிய மேலத் தோப்பு மாமாவுக்கு, ஞாயிறென்றும் பாராமல் வந்து குட்டிகளைப் பார்த்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி. ஸ்பெயினின் கட்டலோனியாவில் இப்படிக் காட்டுத்தீயைக் குறைக்க மேய்கிற மந்தைகளின் கறிக்குத் தனி முத்திரை போட்டு விற்கிறார்கள் என்று மருமகன் படித்துச் சொன்னான். அவனுடைய பேச்சைக் கேட்டுத்தான் உங்களைத் தேடியே வந்தேன்.

எருவுக்காக ராத்திரியில் மந்தையை அடைத்துத் தோப்பில் போட்ட கிடைக்கு மூன்று ராத்திரிக் கூலியை நீங்கள் வாங்கவில்லை. கார்த்திகையில், ஊசி கட்டுமுன், சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். குட்டி அடைக்கிற கூடாப்பு ஒன்றையும் விட்டுப் போயிருக்கிறீர்கள். அதில் எங்கள் கோழி அடை கிடக்கிறது; பொரித்ததும் கொண்டுவந்து தருகிறேன்.