ஆற்றைப் பரிமாறும் மதியம்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு வழக்கம்போல் இருக்காது. அறிவியல் ஆசிரியர்களும் சமையலறைப் பணியாளர்களும் சேர்ந்து ஓர் ஆற்றையே சாப்பாடாகப் பரிமாறப் போகிறார்கள். “பரீட்சை நெருங்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆற்று மாசு பற்றி ஐந்து மதிப்பெண் விடையை நம் பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். ஏன், எப்படி என்று திருப்பிக் கேட்டால்தான் தடுமாறுகிறார்கள்.

மேசைகளை ஒரே வரிசையில் நீளமாகப் போடுவோம். ஒரு முனை மலை, மறுமுனை கழிமுகம். பாத்திரங்கள் மலைப்பக்கத்திலிருந்து மட்டுமே வரும். நடுவில் உட்காரும் மாணவர்தான் அணை. அவர் விட்டால்தான் கீழே இறங்கும். மேலே உள்ளவர்கள் ஆளுக்கொரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டாலே கடைசி மேசையில் என்ன மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். பிறகு இடம் மாறி உட்காருவார்கள். அணையாக இருப்பவரை வில்லனாக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். குடிநீரும் மின்சாரமும் தருவது அதே அணைதான். ஆனால் முட்டையிட மேலே போகும் மீனை மறிப்பதும் அதுதான். உலகளவில் கணக்கெடுக்கப்படும் இடம்பெயர் நன்னீர் மீன் கூட்டங்கள் 1970 முதல் 2020 வரை சராசரியாக 81 சதவீதம் சரிந்திருக்கின்றன. அதற்கு அணைகளும் ஒரு முக்கியக் காரணம்.

எனக்குப் பிடித்தது சோடா பகுதி. குளிர்ந்த சோடாவையும் வெதுவெதுப்பான சோடாவையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்ப்பார்கள். சூடு ஏறினால் தண்ணீரில் வாயு தங்காது என்பதை நாக்கே சொல்லிவிடும். ஆக்சிஜனுக்கும் அதே கதிதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இதோடு வயல் உரமும் ஆற்றில் கலந்தால் பாசி பெருகும். அது செத்து அழுகும்போது பாக்டீரியாக்கள் மிச்ச ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் உடனே விஷம் என்று நினைக்கிறோம். பல சமயம் அது மூச்சுத்திணறல்.

கழிமுக மேசையில் சூப்பின் உப்பு கிண்ணத்துக்குக் கிண்ணம் கூடும். ஆற்றில் வரத்து குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறுவதைக் காட்டத்தான் இது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாங்கள் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான்.

ஆற்றிலிருந்து எடுத்த எதையும் பிள்ளைகள் சாப்பிடப் போவதில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் முழுச் சாப்பாடு உண்டு, பசியோடு யாரும் வீடு திரும்ப மாட்டார்கள்.

இத்துடன் உள்ள படிவத்தில் ஒவ்வாமை, சாப்பிடாத உணவு, உப்புக் கட்டுப்பாடு ஏதும் இருந்தால் குறித்து, கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். விருப்பமில்லை என்றால் அதையும் எழுதலாம். அந்தப் பிள்ளைக்கு வழக்கமான சாப்பாடு தருவோம். அப்புறம், பரிமாற நான்கைந்து பெற்றோர் வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்