இரண்டு கையுறையும் ஒரு சைக்கிளும்

அன்புள்ள பாப்பா,

வீடு வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. உன் அம்மாவுக்குத் தூக்கம் இன்னும் பிரிஸ்டல் நேரத்திலேயே ஓடுகிறது. மத்தியானம் மூன்று மணிக்குக் குறட்டை, ராத்திரி இரண்டு மணிக்குச் சாம்பார் வாசனை. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. விடியற்காலை எழுந்து, ஜெலுத்தோங் பாசார் வரை நடந்து, ஒரு ரொட்டிச் சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் எழுந்திருக்கும் முன் இதை எழுதி முடித்துவிட வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போன் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், உனக்குத் தெரியுமே.

நீ வேலைக்குப் போன அந்த வியாழக்கிழமை நான் தனியாகப் பாத் நகரத்துக்குப் போனேன் இல்லையா, அதைப் பற்றித்தான். மூன்று தடவை போன் செய்தாய். “எங்கேப்பா இருக்கீங்க, அங்க பார்க்க ரெண்டு மணி நேரம் போதுமே” என்று கேட்டாய். “தண்ணி பார்த்துக்கிட்டு இருக்கேம்மா” என்றேன். சாயந்திரம் வந்ததும் “எப்படி இருந்துச்சு?” என்றாய். “நல்லா இருந்துச்சு” என்றேன். அவ்வளவுதான் நம் பேச்சு. தண்ணீர் பார்த்தது உண்மை. ஆனால் அது பாதி உண்மை.

தண்ணீர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் பைப் வேலை செய்தவனை ரோமானியர்கள் கட்டிய அந்த வெந்நீர்க் குளியல் மாளிகைக்கு அனுப்பினால் ரெண்டு மணி நேரம் எப்படிப் போதும்? மற்றவர்கள் எல்லாம் தூணையும் சிலையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே போனேன். மெண்டிப் குன்றுகளில் எந்தக் காலத்திலோ பெய்த மழை, சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து, பாறை வெடிப்பு வழியாக 46 டிகிரியில் மேலே வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் லிட்டர். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, கரண்ட் பில்லும் கிடையாது.

அந்த ஊற்றை ரோமானியர்கள் அடக்கிய விதம் இருக்கிறதே, அதற்குத்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெறும் கொதிக்கிற சேறு அது. அதைச் சுற்றி ஓக் மரக் கழிகளை அடித்து இறக்கி, கல் சுவர் எழுப்பி, உள்ளே காரீயத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். கி.பி. 70 வாக்கில் ஆரம்பித்த வேலை. நம் ஊரில் ஈயம் என்றாலே லம்பத்து (சுரங்கத்து) வெள்ளீயம்தான் ஞாபகம் வரும். இது காரீயம், நாங்கள் பழைய கட்டடங்களில் பைப்பை வெட்டி எடுக்கும்போது கையில் கறுப்பு ஒட்டுமே, அது. பெரிய குளத்தின் அடியில் 45 தகடு விரித்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷம் ஆகப் போகிறது, இன்னும் தண்ணீர் நிற்கிறது. நம் வீட்டுக் குளியலறையில் போன வருஷம் போட்ட தரை இப்போதே கசிகிறது.

மிஞ்சின தண்ணீர் போகிற வடிகாலும் அவர்கள் கட்டியதுதான். இன்றைக்கும் அது வழியாகத்தான் தண்ணீர் ஏவன் ஆற்றுக்குப் போகிறது. ஆரஞ்சு நிறத்தில் இரும்புக் கறை படிந்த அந்த வாய்க்கால் பக்கத்தில் ஒரு கால் மணி நேரம் நின்றிருப்பேன். ஆவி முகத்தில் அடித்தது. காவலுக்கு நின்ற பெண் “ஆர் யூ ஓகே?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த ஊரின் பொக்கிஷங்களை எல்லாம் கண்டெடுத்தது படித்தவர்கள் என்று நினைக்காதே. சுலிஸ் மினெர்வா என்கிற அம்மனின் தங்கமுலாம் பூசிய வெண்கலத் தலையை 1727இல் எடுத்தது, தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஆட்கள். 1870களின் கடைசியில் டேவிஸ் என்கிற நகர சர்வேயர் தண்ணீர் கசிவு ஒன்றைத் தேடிப் போய்த்தான் இந்தப் பெரிய குளம் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். கசிவு தேடிப் போனவனுக்கு ரோமாபுரி கிடைத்தது. நான் தேடிப் போன கசிவுகளில் எலிதான் கிடைத்தது.

தண்ணீர் பச்சையாக இருந்தது. மேலே கூரை இருந்த காலத்தில் அப்படி இருக்காது, வெயில் படுவதால் வந்த பாசி. தொடக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், காரணமும் இருக்கிறது. 1978இல் இந்த ஊற்றுத் தண்ணீரில் நீந்திய ஒரு சிறுமி, தண்ணீரில் இருந்த அமீபாவால் மூளைக் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். பாவம். கடைசியில் குடித்துப் பார்க்க ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அது தனியாக ஆழ்துளை போட்டு எடுக்கிற சுத்தமான தண்ணீர். 43 தாது இருக்கிறதாம். வெதுவெதுப்பாக, துருப்பிடித்த டேங்க் தண்ணீர் மாதிரி இருந்தது. பழைய ஃப்ளாட் வீடுகளில் எவ்வளவோ குடித்திருக்கிறேன், காசு கொடுத்துக் குடித்தது இதுதான் முதல் தடவை.

சரி, இப்போது மற்ற பாதி.

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் சின்னச் சின்னக் காரீயத் தகடுகள். ரயில் டிக்கெட் அளவுதான் இருக்கும், நசுங்கி, சுருங்கி, மேலே நகத்தால் கீறின மாதிரி எழுத்து. சுமார் 130 கிடைத்திருக்கின்றன. கோயில் நகை ஏதோ என்று நினைத்துப் போய்விடப் பார்த்தேன். அப்புறம் பக்கத்தில் இருந்த விளக்கத்தைப் படித்தேன். எல்லாம் சாபம், பாப்பா. குளிக்க வந்த இடத்தில் பொருளைப் பறிகொடுத்தவர்கள், திருடியவனைத் தண்டிக்கச் சொல்லி அம்மனுக்கு எழுதி, தகட்டைச் சுருட்டி ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். போர்வை போனவன், குளியல் உடுப்பு போனவன், பணப்பையில் இருந்து ஆறு வெள்ளிக் காசு போனவன். அந்த ஆறு காசுக்காரன் கொஞ்சம் வக்கீல் புத்தி உள்ளவன். எடுத்தது ஆணோ பெண்ணோ, பையனோ பொண்ணோ, அடிமையோ இல்லையோ, கிறிஸ்தவனோ வேறு ஆளோ என்று ஒருத்தர்கூடத் தப்பாத மாதிரி அடைத்து எழுதியிருக்கிறான். சில பேர் எழுத்தைத் திருப்பிப் போட்டுக்கூட எழுதியிருக்கிறார்கள்.

அதில் டாசிமெடிஸ் என்று ஒருத்தன். அவனுக்குப் போனது இரண்டு கையுறை. அதற்கு அவன் கேட்டது, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏனென்றால் நீ வாங்கிக் கொடுத்த கையுறையில் ஒன்றை அன்று காலை ரயிலில் விட்டுவிட்டு, ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். (ஆமாம், அதையும் உன்னிடம் சொல்லவில்லை.) அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ‘கண்’ என்ற சொல்லை இரண்டாம் முறை படித்தேன். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ இரண்டாவது தடவை போன் செய்தது அப்போதுதான்.

எனக்கு ஒரு சைக்கிள் இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் வேலை பழகிய காலத்தில், 1974இல், சாமான் பையோடு திருடு போனது என்றும் தெரியும். நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது பூட்டாமல் எதை வைத்தாலும் அந்தக் கதையைச் சொல்லித்தானே திட்டுவேன். அது திருடு போகவில்லை. நான் விற்றேன். 35 வெள்ளிக்கு (ரிங்கிட்), ஒரு பழைய சைக்கிள் கடையில். மெர்டேக்கா கிண்ணப் பந்தாட்டம் பார்க்க மூன்று பேர் ஃபெரியில் பட்டர்வொர்த் போய், ராத்திரி ரயில் ஏறிக் கோலாலம்பூர் போனோம். மொக்தார் டஹாரி ஆடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று வெறி. பத்தொன்பது வயசு. அந்த வருஷம் கிண்ணம் நமக்குத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, சைக்கிளை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான் என்று உன் அப்பாயியிடம் சொன்னேன். பந்தாட்டத்துக்குப் போனதையும் சொல்லவில்லை, மூன்று நாள் பாரிட் புந்தாரில் வேலை என்று சொல்லியிருந்தேன்.

அந்தச் சைக்கிள் உன் அப்பாயி சீட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. அழவில்லை, கத்தவில்லை. ஒரு நீல ஏரோகிராம் வாங்கிவரச் சொன்னாள். அவளுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவள் தம்பிக்கு, சிவகங்கைச் சீமைக்கு. கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் என் பேரால் காசு வெட்டிப் போடு, என் மகன் வண்டியை எடுத்தவனுக்குக் கண் அவிஞ்சு போகட்டும். அந்த வரியை என் கையாலேயே எழுதினேன், பாப்பா. ‘அவிஞ்சு’ என்று எழுதுவதா ‘அவிந்து’ என்று எழுதுவதா என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. எழுதாமல் விட்டிருக்கலாம், வேறு எதையாவது எழுதி மடித்திருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதற்குத் தைரியம் வரவில்லை. பொய் சொல்லத் தைரியம் இருந்தது, காளிக்குப் போகிற கடுதாசியில் கை வைக்கத் தைரியம் இல்லை. ஒட்டி, தபால்பெட்டியில் போட்டதும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. காசு வெட்டிப் போட்டாச்சு என்று.

அதற்கப்புறம் கண்ணில் தூசி விழுந்தால்கூட எனக்கு வயிறு கலங்கும். வெல்டிங் வேலைக்கு என்னை யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன், ஏன் என்று கேட்டால் மூச்சு முட்டும் என்பேன். 2017இல் கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னபோது, நீ அங்கிருந்து போனில் “வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்பா, பயப்படாதீங்க” என்றாய். நான் பயந்தது ஆபரேஷனுக்கு இல்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். எங்கள் லோரோங்குக்கு (சந்துக்கு) ரொட்டி கொண்டுவருகிற பாய் ஒரு நாள் புது வண்டியில் வந்தார். புது வண்டி அவருக்கு. பின்பக்க மட்கார்டில் நான் மரத்தில் மோதின நெளிசல் அப்படியே இருந்தது. நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உன் அப்பாயி ரொட்டி வாங்கினாள். வண்டி எங்கே வாங்கியது என்று சாதாரணமாகக் கேட்டாள். அவர் கடையைச் சொன்னார். யார் விற்றது என்று கடைக்காரன் அவரிடம் சொல்லியிருந்தானோ என்னவோ, அவர்கள் இருவரும் குரலைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்தவள் ரொட்டியை அறுத்து, காயா ஜாம் தடவி, என் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தாள். அதுவரை எடுத்ததில்லை, முழங்காலும் சரியில்லை. எதற்கு என்று உன் தாத்தா கேட்டதற்கு, “ஒரு கணக்கு இருக்கு” என்றாள். படி ஏறும்போது நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். அபிஷேகம் முடிந்து கொடுத்த பாலில் விரலைத் தொட்டு என் இரண்டு கண்ணிலும் தடவினாள். கூட்டத்தில் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், இறங்கிவிட்டோம். அவள் சாகிற வரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

டாசிமெடிஸின் கையுறையை எடுத்தவன் யாரோ. அவன் அம்மா அந்தக் குளத்துக்கு வந்து ஏதாவது செய்தாளா என்றுதான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது போன் வந்ததும் எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மிச்சம் இருக்கிற கையுறை உங்கள் வாசல் அலமாரியில், மாப்பிள்ளையின் குடைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட்டுவிடாதே, அடுத்த தடவை வரும்போது ஒரு கைக்காவது ஆகும். பேரனுக்குக் காது வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அம்மா எழுந்துவிட்டாள், பாத்திரம் உருள்கிறது. இதைப் படித்துவிட்டு அவளிடம் எதையும் கேட்டு வைக்காதே. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவளிடம் சைக்கிள் திருடு போன கதையைச் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தேன். அவள் அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டாள்.

அன்புடன்,
அப்பா
ஜெலுத்தோங், பினாங்கு