வாரம் ஒரு மாலை கேட்கிறோம்

சென்னையின் பூங்காக்களையும் கடற்கரையையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மார்கழியில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். தை பிறந்தால் சென்னை சங்கமம். பறையும் கரகாட்டமும் நையாண்டி மேளமும் நம் தெருவுக்கே வரும். பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதியில் சுவாமி புறப்பாட்டோடு நாகஸ்வரம் கேட்கலாம். அப்புறம்? மற்ற மாதங்களில் காசு கொடுக்காமல் ஒரு நல்ல வாசிப்பைக் கேட்க வேண்டுமென்றால் எங்கே போவது?

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தென்சென்னைப் பூங்கா ஒன்றில் நாகஸ்வரக் கச்சேரி, அனுமதி இலவசம் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றி வந்தது. என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நாகஸ்வரம் என்றால் உயிர். மூன்று மணிக்கே தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ, அப்புறம் பஸ், கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோ. போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வெயிலில் வழியில் இரண்டு இடத்தில் அம்மாவை உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

பூங்கா வாசலில் நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். தவில் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பூங்காவுக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறது, ஒலிபெருக்கிக்குத் தனிக் கடிதம் இல்லை, அதனால் நடத்தக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டாராம். "மைக்கே வேண்டாம், அப்படியே வாசிக்கிறோம்" என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நாகஸ்வரத்துக்கு எதற்கு மைக்? அதற்கும் மேலே கேட்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்று பதில். காவலாளியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வந்த உத்தரவை அவர் சொன்னார்.

அம்மா அந்த வித்வானிடம் போய், "ஒரே ஒரு பாட்டு வாசிப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அவர் காவலாளியைப் பார்த்தார், காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். எதிர்க்கடையில் நாலு பேரும் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். வரும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதெல்லாம் கச்சேரி என்று பேச்செடுத்தாலே, "எதுக்குப்பா அலைச்சல்" என்கிறார். எனக்குத் தாங்க முடியாதது இதுதான்.

அதே வாரம் எங்கள் பக்கத்தில் ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் பாதி ரோட்டை அடைத்துக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருக்கிறது. அதைத் தாண்டியும் அன்று சத்தம் கேட்டது. அதற்கெல்லாம் கடிதம் கிடைத்துவிடுகிறது. மைக் இல்லாத நாகஸ்வரத்துக்குக் கிடைக்கவில்லை. கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மன்னியுங்கள்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. ஆண்டு முழுவதும், வாரம் ஒரு மாலை, கட்டணம் இல்லாமல், திறந்த வெளியில் இசை கேட்க ஓர் இடம் கொடுங்கள். அனுமதியை ஒரே இடத்தில், ஒரே கடிதமாகக் கொடுங்கள். எங்கே, எப்போது, யார் வாசிக்கிறார்கள் என்பதை மாதத் தொடக்கத்திலேயே பூங்கா வாசலிலும் மெட்ரோ நிலையத்திலும் எழுதி ஒட்டுங்கள். அம்மாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. அவரைப் போன்றவர்களுக்குச் சுவரில் ஒட்டிய காகிதம்தான் சேதி.

வடசென்னையை மறந்துவிடாதீர்கள். தியாகராஜர் எங்கள் திருவொற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். பக்கத்து மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சில காலம் வாழ்ந்தது. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகள் தீட்சிதரின் காதில் விழுந்து, அதே மெட்டில் அமைந்த பாடல்களாக, நோட்டுஸ்வரங்களாயின. அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். காதில் விழுந்தால்தானே எதுவும் பிறக்கும்? இன்றைக்கு எங்கள் பிள்ளைகளின் காதில் என்ன விழுகிறது? ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கானா பாடும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த மேடையில் ஒரு மாலை வேண்டும். 2015இல் பெசன்ட் நகர்ப் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே மேடை போட்டுக் கர்நாடக இசையும் பறையும் கேட்க வைத்தார்களே, அது காசிமேட்டில் நடக்க என்ன தடை?

இன்னொன்று. இலவசம் என்பது கேட்க வருகிறவர்களுக்குத்தான். வாசிப்பவர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, நாகஸ்வரக்காரர்களுக்கும் தவில்காரர்களுக்கும் கல்யாண வரும்படி நின்றுபோகும். அந்த மாதத்திலேயே தொடங்கினால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும், கடற்காற்றும் மாலையில் நன்றாக வீசும்.

2017இல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. நாங்களும் பெருமைப்பட்டோம். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமையும் இருக்க வேண்டாமா?

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு முழுவதும், வாரம் ஒரு மாலை. வடக்கே ஓர் இடம், தெற்கே ஓர் இடம். முன்கூட்டியே ஒட்டிய ஒரு தாள். சாய்ந்து உட்காரும் நாற்காலி ஒரு இருபது போட்டால், அம்மாவை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்