செத்த கடற்காகத்துக்கு எந்த எண்ணில் கூப்பிடுவது?

வனத்துறை, கால்நடை பராமரிப்புத் துறை, சென்னை மாநகராட்சி பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

குப்பை அள்ளவில்லை என்றால் 1913. ஆடு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962. கரையில் கடற்காகமோ ஆலாவோ மாதிரி ஒரு கடற்பறவை செத்து ஒதுங்கினால்? காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். மூன்று துறைக்கும் சேர்த்து எழுதக் காரணம் இதுதான். உயிரோடு இருந்தால் அது காட்டுயிர், நோய் என்றால் கால்நடை மருத்துவம், செத்துவிட்டால் குப்பை. பறவைக்கு இந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது.

ஒரு பறவை செத்ததற்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். தென் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2022 கடைசியில் பெரு நாட்டுக் கரையில் கூழைக்கடாக்கள் கும்பல் கும்பலாகச் செத்து விழுந்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல். சில மாதங்களுக்குள் அதே கரையில் கடற்சிங்கங்கள் ஆயிரக்கணக்கில் வலிப்பு வந்து செத்தன. 2023 அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானைச் சீல் குட்டிகள் மட்டும் 17,000க்கு மேல் போயின. அடுத்த பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலேயே அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பறவையிடமிருந்து பாலூட்டிக்குத் தாவி, பிறகு பாலூட்டிகளுக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியிருக்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பயமே அங்கேதான்.

நம் கடலில் சீல் இல்லை, சரி. டால்பின் இருக்கிறது, கூழைக்கடா இருக்கிறது. குளிர்காலத்தில் காசிமேட்டில் லாஞ்சு (விசைப்படகு) கரையேறித் தளத்தைக் கழுவிவிடும் நேரத்துக்கு வந்து பாருங்கள். மீன் குடலுக்காக நூறு கடற்காகமாவது ஒன்றன்மேல் ஒன்று விழும். பழுப்புத்தலைக் கடற்காகம் என்று பெயர். ஆனால் இங்கே இருக்கும் மாதங்களில் தலை வெள்ளைதான், கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். இவை முட்டையிடுவது திபெத், மத்திய ஆசிய ஏரிக்கரைகளில். 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் எச்5என்1 வந்து 6,000 பறவைகள் வரை செத்தபோது, செத்தவற்றில் வரித்தலை வாத்துகளோடு இந்தக் கடற்காகங்களும் இருந்தன. அதாவது நம் துறைமுகத்தில் குடலுக்குச் சண்டை போடுவது அதே இனம். அதற்காக அவற்றை விரட்டுங்கள், சுடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. விரட்டினால் சிதறிப்போய் இன்னும் நாலு இடத்தில் உட்காரும், அவ்வளவுதான்.

இப்போது நடப்பது என்ன? செத்த பறவையை முதலில் காக்கை கொத்தும், அப்புறம் தெருநாய் இழுக்கும். மிச்சம் இருந்தால் துப்புரவுத் தொழிலாளி மண்வெட்டியால் அள்ளி மணலில் புதைப்பார், பல நேரம் வெறுங்கையோடு. அந்தக் காக்கை மத்தியானம் கொடுங்கையூர் குப்பை மேட்டில் இருக்கும். நாய் குப்பத்துக்குள்தான் படுத்திருக்கும். கோழிக்கூடும் அங்கேதான். நாயைப் பேச்சில் சும்மா இழுக்கவில்லை. 1987–88இல் சைபீரியாவின் பைக்கால் ஏரியில் சீல்கள் ஆயிரக்கணக்கில் செத்ததற்குக் காரணம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். நோய் கடலிலிருந்து கரைக்கு மட்டும்தான் வரும் என்றில்லை.

மனிதருக்கு வருமா என்றால், அரிதாக வரும். 1979–80இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் 400க்கும் மேற்பட்ட சீல்கள் வேறொரு பறவைக் காய்ச்சல் வைரஸால் செத்தன. அவற்றை அறுத்துச் சோதித்தவர்களில் நாலு பேருக்குக் கண் சிவந்து சீழ் கட்டியது. நம் பாஷையில் மெட்ராஸ் ஐ. தொற்றிய சீல் ஒன்று முகத்தில் தும்மியதில் இன்னொரு ஆய்வாளருக்கும் அதே கதி. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் 2021இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் எச்5என்1 தொற்றில் இறந்ததை மறக்க முடியாது.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மூன்று துறைக்கும் பொதுவாக ஒரே ஒரு எண், அதை எடுத்துப் பேச ஒரு ஆள். ஒரே கரையில் ஓரிரு நாளில் நாலைந்து பறவை செத்தாலோ, கழுத்து திருகி, தள்ளாடி, தலையைத் தூக்க முடியாமல் ஒரு பறவை கிடந்தாலோ, டால்பின் ஒதுங்கினாலோ, புதைக்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருப்பது மாதவரத்தில். எண்ணூரிலிருந்து லாரி நெரிசலில் மாட்டினாலும் அரை நாளுக்குள் போய்விடலாம். போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அங்கிருந்து அனுப்பிக்கொள்ளலாம். அள்ளுகிறவருக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி. இதை முதலில் கொடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

எல்லாச் சாவுக்கும் வைரஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தபோது கழிமுகத்துக் கூழைக்கடாக்கள் கறுப்பாகி நின்றதை எல்லோரும் பார்த்தோம். 2025 ஜனவரியில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அறுத்துப் பார்த்த பிறகுதான் வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவை என்று தெரிந்தது. பறவைக்கும் டால்பினுக்கும் அதே மரியாதையைக் கேட்கிறேன்.

ஒரு பயம் மட்டும் எங்களுக்கு உண்டு. ‘காசிமேட்டில் பறவைக் காய்ச்சல்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பினால் அன்றைக்கே மீன் விலை படுத்துவிடும். இது மீனுக்கு வரும் நோய் இல்லை என்று வதந்திக்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டும், அதுவும் துறைமுகத்துக்கே வந்து, மைக் பிடித்து. இல்லையென்றால் செத்த பறவையைப் பார்த்தவர் வாயைத் திறக்கமாட்டார். பிழைப்பு போய்விடுமே.

கடற்காகங்கள் வந்து சேர அக்டோபர், நவம்பர் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், லாஞ்சுக்காரர்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். அப்போது ஒரு கூட்டம் போடுங்கள். மீன் விற்கும் அக்காக்களையும் கூப்பிடுங்கள். விடியற்காலையில் கரைக்கு முதலில் வருவது அவர்கள்தான், செத்துக் கிடப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

இப்படிக்கு,
எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து ஒரு கரைவாசி